கிறிஸ்துமஸ் ஸ்டார், சீரியல் லைட்: கரண்ட் பில் எவ்வளவு வரும்? உண்மையான ஆபத்து எங்கே இருக்கு? முழு விளக்கம்

டிசம்பர் மாதம் இரவு ஏழு மணிக்கு ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டை பக்கம் ஒரு ரவுண்ட் போனால், எந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஒரு ஸ்டார், பால்கனி கம்பியில் சீரியல் செட், வாசலில் குடில். விமானப்படை நிலையத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் மட்டும் இல்லை. மிட்டனமல்லி, பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லி என்று மேற்குப் புறநகர் முழுக்க இதே காட்சிதான்.

முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு ஸ்டார் என்பதுதான் கணக்கு. இப்போது தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை லைட் போகிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்த வயர் எங்கிருந்து வருகிறது, எதில் கட்டியிருக்கிறது, மழை வந்தால் என்ன ஆகும்? இதை யாராவது கவனிக்கிறோமா?

ஸ்டார் எப்படி வந்தது, பில் எவ்வளவு ஏறும், ஆபத்து எங்கே இருக்கிறது, என்ன செய்ய வேண்டும்... ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்டார், குடில், சீரியல் லைட்: எது எங்கிருந்து வந்தது?

மூன்றுக்கும் மூன்று வேறு கதை.

குடிலுக்குத்தான் வயசு அதிகம். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசி, இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தை மக்கள் கண் முன்னால் அமைத்துக் காட்டினார். இன்று நம் ஊர் வீடுகளில் வைக்கோல், காகித மலை, பொம்மைகளோடு வைக்கும் குடிலுக்கு அதுதான் முன்னோடி. சில வீடுகளில் கேழ்வரகைத் தூவி முளைக்க வைத்து, அதையே குடிலுக்குப் புல்வெளியாக வைப்பார்கள். நவராத்திரி கொலு பார்த்து வளர்ந்த ஊருக்கு இது ரொம்ப அந்நியமாகத் தெரியாது.

வாசலில் தொங்கும் ஸ்டார், ஞானிகளுக்கு வழிகாட்டியதாக மத்தேயு நற்செய்தி சொல்லும் நட்சத்திரத்தின் அடையாளம். காகிதத்தில் செய்து உள்ளே விளக்கு வைக்கும் பழக்கத்தில் பேர் போனது, ஜெர்மனியின் மொராவியன் திருச்சபைப் பள்ளி ஒன்றில் 1830-களில் உருவான பல முனை நட்சத்திரம். மாணவர்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கச் செய்ததாம்!

மின் விளக்கு கடைசியாக வந்தது. எடிசனின் கம்பெனியில் துணைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஜான்சன், 1882-ல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைக் கையாலேயே கோர்த்து எரிய விட்டார். அதுவரை மரத்தில் மெழுகுவர்த்திதான். மரம் தீப்பிடிப்பது அப்போது சகஜம். அதாவது, சீரியல் லைட்டே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகத்தான் ஊருக்குள் நுழைந்தது.

இப்போது ஏன் இவ்வளவு லைட்?

ஒரே பதில்: எல்இடி.

சிவப்பு, பச்சை எல்இடி பல வருடங்களாகவே இருந்தன. நீலம்தான் பிடிபடாமல் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அது சாத்தியமானது. நீலம் வந்த பிறகுதான் வெள்ளை எல்இடி-க்கும் வழி கிடைத்தது. இதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பாரிமுனையிலும் ரிச்சி தெருவிலும் குவித்து வைத்து விற்கும் சீரியல் செட்டுக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது!

சரி, கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தினமும் 6 மணி நேரம், 30 நாள் எரிகிறது. கணக்குக்கு வசதியாக யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• ஸ்டாருக்குள் பழைய 60 வாட் குண்டு பல்பு: 10.8 யூனிட். சுமார் 54 ரூபாய்.

• அதே ஸ்டாரில் 9 வாட் எல்இடி பல்பு: 1.6 யூனிட். சுமார் 8 ரூபாய்.

• 40 வாட் இழுக்கும் பழைய சீரியல் செட் 10: மொத்தம் 72 யூனிட். 360 ரூபாய்.

• 5 வாட் எல்இடி சீரியல் செட் 10: மொத்தம் 9 யூனிட். 45 ரூபாய்.

வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பலருக்கு இந்த 45 ரூபாய் பில்லில் தெரியவே தெரியாது. ஆனால் ஒன்று. ஏற்கெனவே 500 யூனிட் பக்கத்தில் இருக்கும் வீடு என்றால் கவனம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். அப்போது லைட்டுக்கு மட்டும் இல்லை, மொத்த பில்லுக்கும் சேர்த்துக் கூடும்.

ஆக, பில் பெரிய பிரச்னை இல்லை. உண்மையில், பில் ஏறாததுதான் பிரச்னையின் ஆரம்பம். பத்து செட் போட்டாலும் 45 ரூபாய்தானே என்னும்போது பதினொன்றாவது செட் தெருவுக்கு வருகிறது. பன்னிரண்டாவது எதிர் வீட்டுக்குத் தாண்டுகிறது. நடுவில் இருப்பது மின்கம்பம்.

ஆபத்து எங்கே?

பல்பு மாறிவிட்டது. கட்டுகிற முறை மாறவில்லை. நான்கு இடங்களைக் கவனிக்க வேண்டும்.

1) ஏணி

தமிழ்நாட்டில் திருவிழா அலங்காரங்களில் நடந்த பெரிய விபத்துகளைப் பார்த்தால் ஒன்று புரியும். உயிரைப் பறித்தது சின்ன பல்பு இல்லை, மேலே போகும் உயர் அழுத்தக் கம்பி.

2022 ஏப்ரல் 27. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழா. அதிகாலைத் தேரோட்டத்தில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர்.

2025 மார்ச் 1. கன்னியாகுமரி மாவட்டம் இனயம்புத்தன்துறையில் ஆலயத் திருவிழா. வேலைக்காகக் கொண்டுபோன உயரமான இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் உயிரிழந்தனர்.

ஒன்று கோயில், இன்னொன்று சர்ச். மின்சாரம் அதையெல்லாம் பார்ப்பதில்லை. இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். உயரமான ஒரு பொருள், கம்பி இருக்கும் உயரத்துக்குப் போனது.

புறநகரில் பல தெருக்களில் இன்னும் கம்பத்து வயர்தான். மொட்டை மாடியில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் கம்பி போகும் வீடுகள் நிறைய. 11 ஆயிரம் வோல்ட் வரையிலான கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. கட்டடம் நான்கு அடி தள்ளி இருந்தாலும், மாடியில் ஸ்டார் கட்ட நீட்டும் இரும்புக் குழாய் அந்த நான்கு அடியை ஒரே நொடியில் தாண்டிவிடும்.

2) "ஒரு பல்பு 6 வோல்ட்தானே" என்ற நம்பிக்கை

பழைய சீரியல் செட்டில் 40 பல்பு இருந்தால், 230 வோல்ட்டை 40 பல்பும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்றுக்கு 6 வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதனால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் உண்டு.

தப்பு. ஒரு பல்பு கழன்றுவிட்டால் மொத்தமும் அணைந்துவிடும் இல்லையா? அப்போது அந்தக் காலி இடத்தின் இரண்டு முனைக்கும் நடுவில் நிற்பது முழு 230 வோல்ட். எந்த பல்பு போச்சு என்று பிளக்கைக் கழற்றாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதுதான் மிக ஆபத்தான வேலை. இன்றைய மலிவு விலை எல்இடி செட்டுகளிலும் பல நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவைதான்.

3) மழை

இந்த அலங்காரம் பிறந்த நாடுகளில் டிசம்பர் என்றால் பனி. நமக்கு டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. 2023-ல் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது டிசம்பர் 3, 4 தேதிகளில். சரியாக ஸ்டார் கட்டும் வாரம்.

பாக்கெட்டில் 'ஐபி' என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு இலக்கம் இருக்கும். இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. ஐபி 20 என்றால் தண்ணீரிலிருந்து பாதுகாப்பே இல்லை, வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே மாட்ட குறைந்தது ஐபி 44 வேண்டும். ஐபி 65 தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். ஒன்றுமே எழுதவில்லையா? வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு விஷயம். லைட் ஐபி 65 ஆக இருக்கலாம். ஆனால் இரண்டு செட்டை முறுக்கி, மேலே டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிறதே, அதற்கு எந்த நம்பரும் கிடையாது. அந்த ஜாயின்ட் இரும்பு கேட்டில் உரசினால், கேட்டைத் திறக்க வரும் பால்காரருக்கும் பேப்பர் போடும் பையனுக்கும்தான் முதல் ஆபத்து.

4) கொக்கி

தெரு முழுக்க லைட் போடும்போது "யார் வீட்டு மீட்டர்?" என்ற கேள்வி வரும். அதற்கு யாராவது "கம்பத்துலயே எடுத்துக்கலாம்" என்பார்கள். அது மின் திருட்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். கொக்கி போட்ட வயருக்கும் உங்களுக்கும் நடுவில் ஃபியூஸ் கிடையாது, டிரிப் ஆகும் சுவிட்ச் கிடையாது. ஷாக் அடித்தால் நிறுத்த எதுவுமே இல்லை.

எம்சிபி இருந்தால் போதாதா?

போதாது. இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

எம்சிபி காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் அந்த அளவைத் தாண்டி ஓடினால்தான் டிரிப் ஆகும். மனித உடம்பு வழியாக அதில் ஒரு சின்னப் பங்கு போனாலே இதயம் நின்றுவிடலாம். எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது.

மனிதரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போகும் கரண்ட்டும் திரும்பி வரும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 10 செட் லைட் வாங்கும் வீடு, அதற்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான். டெஸ்ட் பட்டன் இருக்கும். லைட் போடும் நாளில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை.

வெளிநாட்டில் எப்படி?

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் 1984-லிருந்து கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரம் நடக்கிறது. நியூயார்க்கின் டைக்கர் ஹைட்ஸ் பகுதியில் வீட்டுக்காரர்களே போட்டி போட்டு அலங்கரிப்பதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். முதலாவது, ஒரு சங்கம் முன்னின்று நடத்துவது. இரண்டாவது, அவரவர் வீட்டு எல்லைக்குள் முடிவது. இரண்டிலும் "இந்த வயருக்கு யார் பொறுப்பு?" என்றால் பதில் இருக்கிறது.

நம் தெருவில் வசூல் எல்லோரிடமும், ஆசையும் எல்லோருக்கும். பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை. ஆயுத பூஜை, ஆடித் திருவிழா, விநாயகர் சதுர்த்தி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

அப்போ என்ன செய்யணும்?

✅ தெருவுக்குப் பொதுவாக லைட் போடுவதென்றால், ஈபி பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம்தான். ஆனால் மீட்டரும் பாதுகாப்பும் சேர்ந்து வரும்.

✅ லைட் வாங்கும்போது பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அலங்கார ரோப் லைட் வகைகளுக்கு இந்தப் பதிவு கட்டாயம். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் எண்ணைப் போட்டு சரிபார்க்கலாம்.

✅ இரும்பு ஏணி, இரும்புக் குழாய் வேண்டாம். மூங்கில் அல்லது ஃபைபர் ஏணி பரவாயில்லை. ஆனால் ஈரமாக இருந்தால் மூங்கிலையும் நம்பாதீர்கள்.

✅ மின்கம்பம், ஸ்டே கம்பி, இரும்பு கேட், தகர ஷீட் இவற்றில் சீரியல் செட்டைக் கட்டாதீர்கள்.

✅ ஜாயின்ட் எல்லாம் மழை படாத இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

✅ காகித ஸ்டாருக்குள் குண்டு பல்பு வேண்டாம். சூட்டில் காகிதம் பற்றிக்கொள்ளும்.

✅ தூங்கப் போகும்போதும், மழை பிடிக்கும்போதும் மெயினை அணையுங்கள்.

✅ கம்பி தாழ்வாகத் தொங்குகிறதா? நீங்களே குச்சியால் தள்ளாதீர்கள். மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

✅ யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள். பிறகு 108.

கடைசியாக...

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர், மக்கள் தொகையில் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஸ்டார் எரியும் வீட்டு வாசலில் நின்று குடில் பார்க்கும் குழந்தைகள் அந்த 6 சதவீதத்தில் இருந்து மட்டும் வருவதில்லை. கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது பக்கத்து வீட்டுக் கதவும் திறக்கிறது. கார்த்திகைக்கு அகல் ஏற்றிய அதே திண்ணையில், சில வாரம் கழித்து அடுத்த வீட்டு ஸ்டாரின் வெளிச்சம் விழுகிறது.

அந்தக் குழந்தைகள் குடில் பார்க்க வரும்போது முதலில் கை வைப்பது கேட்டில்தான். இன்றைக்கு ராத்திரி லைட் போடுவதற்கு முன்னால், அந்த கேட்டை ஒட்டி வயர் ஏதாவது போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.