தண்ணீரில்லாத் தீவின் சமையல்

கிரேக்க நாட்டைப் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் சந்தோரினித் தீவின் படமொன்று நம் கண்ணிற் படும். செங்குத்தான பாறையின் உச்சியில் வெள்ளை வெளேரென்ற வீடுகள், நீல வண்ணம் பூசிய தேவாலயக் கவிமாடங்கள், கீழே ஆழ்கடல். அழகிற்குக் குறைவொன்றுமில்லை. ஆயினும் அப்படத்தை எத்தனை முறை உற்று நோக்கினாலும், அங்கு வாழ்ந்த மக்கள் எதை உண்டு உயிர் தரித்தனர் என்பது விளங்குவதில்லை. அதை அறிய விரும்புவோர் முற்றத்தில் நின்று பயனில்லை. அடுக்களைக்குள் நுழைதல் வேண்டும். இவ்வாரம் நாம் அவ்வழியே செல்வோம்.

ஏஜியன் கடலின் தென்பாகத்தில் உள்ளது இத்தீவு. கிறித்துவுக்கு முன் 17ஆம் அல்லது 16ஆம் நூற்றாண்டில் இங்கு எரிமலை வெடித்தது. நிலத்தின் பெரும்பகுதி கடலுள் ஆழ்ந்தது. எஞ்சிய பிறை வடிவான நிலத்தைச் சாம்பலும் நுரைக்கல்லும் பல மீற்றர் தடிப்பில் மூடின. இன்றும் அங்கு ஆறு இல்லை, ஏரி இல்லை. மாரிகாலத்தில் மட்டுமே மழை உண்டு. ஆண்டு முழுவதும் பெய்வது யாழ்ப்பாணத்து மழையில் மூன்றிலொரு பங்கும் தேறாது. கடல் நீரை நன்னீராக்கும் ஆலைகள் வருவதற்கு முன், கூரையில் விழுந்த துளிகளை நிலத்தடித் தொட்டிகளிற் சேர்த்து வைத்தே மக்கள் காலங் கழித்தனர்.

அப்படியாயின் பயிர் விளைவது எவ்வாறு? இரவிற் கடலினின்று எழும் ஈரக்காற்றை நுரைக்கல் பஞ்சு போல உறிஞ்சிக் கொள்கின்றது. பகலில் அந்த ஈரத்தையே வேர்கள் பருகுகின்றன. இத்தீவின் பழைய உணவுகள் யாவும் இவ்வாறு பனியை உண்டு வளர்ந்தவையே. காய்கள் சிறுத்திருக்கும், சுவையோ செறிந்திருக்கும்.

அவற்றுள் தலையாயது ‘ஃபாவா’. அவரையினத்தைச் சேர்ந்த ஒரு சிறு கொடியின் விதையை உலர்த்தி, கைத்திரிகையில் உடைத்து எடுக்கும் மஞ்சட் பருப்பு இது. கிரேக்கத் தொல்பொருளறிஞர் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் 1967ஆம் ஆண்டில் அக்குரோத்திரி என்னுமிடத்தில் அகழத் தொடங்கினார். எரிமலைச் சாம்பலுள் புதையுண்டு கிடந்த ஒரு பட்டினம் அங்கு வெளிப்பட்டது. அப்பட்டினத்தார் சேமித்து வைத்த தானியங்களிடையே இதே பருப்பின் விதைகளும் இருந்தன. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு வேகவைத்த அதே பருப்பை இன்றைய தாயும் வேகவைக்கின்றாள். அரண்மனைகள் அழிந்தன, மொழியும் எழுத்தும் மாறின, பருப்பு மாறவில்லை!

குழைய வேகவைத்த ஃபாவாவின் மேல் ஒலிவ எண்ணெய் வார்த்து, பச்சை வெங்காயத்தையும் கேப்பர் அரும்புகளையும் தூவி உண்பர். இந்தக் கேப்பர், நம் வேலிகளிற் படரும் ஆதொண்டையின் இனத்தது. பாறை வெடிப்பிலும் பழஞ்சுவர்களிலும் தானாகவே முளைக்கும். அதன் அரும்பை உப்பிலும் காடியிலும் ஊறவைப்பது எங்கும் உள்ள வழக்கம். சந்தோரினியில் வெயிலிற் காயவைத்தும் சேமிப்பர். நேற்றைய ஃபாவா மீதமிருந்தால், அதனைத் தக்காளியும் வெங்காயமும் வதக்கிய கலவையோடு சேர்த்துச் சூடாக்குவர். இதற்கு ‘மணமுடித்த ஃபாவா’ என்று பெயர். பழையதை வீணாக்காத குடும்பப் பெண்ணின் சாமர்த்தியமும் குறும்பும் அப்பெயரிலேயே தெரிகின்றன.

தக்காளி இங்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். நீர் பாய்ச்சாமலே விளையும் சிறு தக்காளி அது. தோல் தடித்தது, இனிப்பு மிகுந்தது. அதனை வெங்காயத்தோடும் புதினாவோடும் மாவிற் பிசைந்து எண்ணெயிற் பொரித்தெடுக்கும் பலகாரத்தைப் ‘போலி இறைச்சி உருண்டை’ என்றனர். இறைச்சி அரிதாயிருந்த காலத்தின் பெயர் அது. தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவோர்க்கும் அது கைகொடுத்தது. நம்மவர் கண்டால் வடையின் தூரத்து உறவு என்பர்.

இத்தக்காளியைச் சாறு வற்றக் காய்ச்சித் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகள் பல ஒரு காலத்தில் தீவில் இயங்கின. 1956ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில் 53 பேர் மாண்டனர். வீடிழந்த குடும்பங்கள் பல அதென்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தன. தொழிற்சாலைகளும் காலப்போக்கில் ஓய்ந்தன. அவற்றுள் ஒன்று இப்பொழுது நூதனசாலையாக நிற்கின்றது.

முந்திரிகைக் கொடியை இங்கு பந்தலில் ஏற்றுவதில்லை. வீசும் காற்று பந்தலையே பிய்த்தெறிந்துவிடும். ஆதலின் கொடியைத் தரையோடு தரையாகக் கூடை போல வளைத்துப் பின்னிவிடுகின்றனர். குலைகள் அக்கூடைக்குள் காற்றுக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி வளரும். கொடி முதுமையடைந்ததும் அடியோடு வெட்டிவிட, பழைய வேரே மீண்டும் துளிர்க்கின்றது. ஐரோப்பாவின் முந்திரிகைத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் நாசமாக்கிய வேர்ப்பூச்சியால் இச்சாம்பல் மண்ணில் வாழ இயலவில்லை. ஆகவே இங்குள்ள வேர்கள் சிலவற்றின் வயதைக் கேட்டால் வியப்பு மேலிடும். பழங்களை வெயிலில் உலர்த்திச் செய்யும் இனிய வைனும் இத்தீவில் உண்டு.

இவையெல்லாம் எத்தனை காலம் நிலைக்கும் என்பதே கேள்வி. சுமார் 15,000 பேர் வாழும் இத்தீவுக்கு ஓராண்டில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். முந்திரிகைத் தோட்டங்கள் சில விடுதிகளாகவும் நீச்சற் குளங்களாகவும் மாறிவிட்டன. குனிந்து கூடை பின்னுவதிலும் விடுதியில் வேலை செய்வது இலாபமானது. இளைஞரைக் குறை கூறுவதற்கில்லை. தண்ணீரில்லாத் தீவில் நீச்சற் குளமா என்று நாம் கேட்கலாம். ஆனால் அக்குளம் தரும் வருவாயைப் பருப்பு தருவதில்லையே! சிறு தக்காளிக்கு 2013ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடக் காப்புப் பெயர் வழங்கிற்று. ஃபாவாவும் அக்காப்பைப் பெற்றுள்ளது. பெயருக்குக் காவல் கிடைத்தது நன்றே. நிலத்துக்கும் கிடைத்தால் நலம்.

ஃபாவாவின் சுவையை அறிய விரும்பும் வாசகியர் மஞ்சட் பட்டாணிப் பருப்பைக் கொண்டு முயலலாம். கிரேக்கத்தின் பிற பகுதிகளில் அப்பருப்பையே பயன்படுத்துகின்றனர். ஒரு சுண்டு பருப்பைக் கழுவி, நான்கு சுண்டு நீரில், இரண்டாக வெட்டிய வெங்காயமொன்றுடன் மெல்லிய நெருப்பில் வேகவிடுக. மேலே வரும் நுரையை அகற்றுக. ஒரு மணி நேரமளவில் பருப்பு கரைந்துவரும்; அப்பொழுது உப்பிட்டு, அகப்பையால் நன்றாக மசித்து இறக்குக. ஆற ஆற இறுகுமாதலால் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்குதல் வேண்டும். தேசிக்காய்ப் புளியும் ஒலிவ எண்ணெயும் விட்டு, பச்சை வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து தூவிப் பாணுடன் பரிமாறுக. மீதமிருந்தால் மறுநாள் மணமுடித்து வைக்கலாம்.