ஆளுங்கட்சிக்குப் போட்டால்தான் கிடைக்குமா?

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரை, தேர்தல் வந்துவிட்டால் ஒரே பேச்சுதான். “ஆளுங்கட்சிக்குப் போட்டாத்தான் ஊருக்கு ஏதாச்சும் வரும். எதிர்க்கட்சிக்குப் போட்டா அஞ்சு வருசமும் பாழ்.” மில் தொழிலாளி சொல்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் சொல்கிறார், கட்சிக்காரர் மேடையேறி மிரட்டலாகவே சொல்கிறார். இது பொய். ஓட்டுப் போடுகிறவனைக் கைகட்டி நிற்க வைக்கிற பொய். அதை இந்த இரண்டு ஊர்க்காரர்களும் நம்புவதுதான் எனக்கு ஆறவில்லை. இதை உடைக்கும் சாட்சியம் நம் ஊர்க் கதையிலேயே கிடக்கிறது.

பூ.ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துப் பிள்ளை. 1898-ல் பிறந்தவர். பெற்றோரைச் சின்ன வயதிலேயே இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், காந்தியின் வழியில் போனவர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகியதும் 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். குடியரசு மலர்ந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். 1952 ஏப்ரல் வரை மூன்று ஆண்டுகள். ஆந்திரக் கடற்கரையும் ராயலசீமையும் மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்த பெரிய மாகாணம் அது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் இருந்தாலே ஊர் செழிக்கும் என்றால், முதலமைச்சரையே கொடுத்த ஊர் எப்படிச் செழித்திருக்க வேண்டும்! ஆனால் ராஜபாளையம் எழுந்து நின்றது பஞ்சாலையால். ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது 1936-ல். சென்னையில் முதல் காங்கிரஸ் அமைச்சரவை அமைவதற்கும் முந்தைய ஆண்டு. குமாரசாமி ராஜா ஊருக்கு விட்டுப்போனதில் இன்றும் எல்லோரும் காட்டுவது காந்தி கலை மன்றம். அரசாங்கப் பணத்தை ஊர்ப்பக்கம் திருப்பி அவர் கட்டியதில்லை அது. தன் சொந்த வீட்டையே எழுதிக் கொடுத்தார். அவரை மதிக்கிறவர்கள் அதற்காகவே மதிக்க வேண்டும்.

1952-ல் என்ன நடந்தது? வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத் தேர்தல். அதற்கு முன்பு சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்கள்தான் வாக்காளர்கள். கூலிக்காரரும், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் முதன்முதலாக வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். அவர்கள் மனதில் இருந்தது அரிசி. கார்டுக்கு அளந்து போட்ட அரிசி. விவசாயியின் களத்துக்கே வந்து நின்ற கட்டாயக் கொள்முதல். ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்கு மூட்டை போனால் பிடித்துக்கொண்ட கெடுபிடி. அதோடு அடக்குமுறையும் சேர்ந்திருந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது குமாரசாமி ராஜாவின் ஆட்சியில்தான்.

தேர்தலில் காங்கிரஸ் முதலமைச்சர் தோற்றார். பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் சிலரும் தோற்றார்கள். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி அதே காங்கிரசின் காமராஜரைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பியது. ஆக, காங்கிரஸ் என்ற பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்களும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு தள்ளியவர்களும் இல்லை. நம் ஆளே கோட்டையில் இருக்கிறாரே, விட்டால் ஊர் கெட்டுப்போகுமே என்று அந்தத் தலைமுறை நடுங்கவில்லை.

மாகாணம் முழுவதும் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. பெரும்பான்மை இல்லை. ராஜாஜியைத் தேடிப் பிடித்து மேலவை வழியாகக் கொண்டுவந்து ஆட்சி அமைத்தார்கள். அந்தக் கொல்லைப்புற வழியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வருவது வேறு. எதிர்த்து விழுந்த அந்த ஓட்டுகள் பாழாய்ப் போயினவா?

ராஜாஜி ஏப்ரலில் பதவியேற்றார். ஜூனிலேயே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். முந்தைய ஆட்சி மூன்று ஆண்டுகளாகக் கட்டிக் காத்ததை அடுத்த ஆட்சி இரண்டே மாதத்தில் விட்டது. அந்தத் தேர்தலில் தஞ்சையில் செங்கொடிக்காரர்கள் பலம் பெற்றார்கள். அந்த ஆகஸ்டிலேயே தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ஆளுங்கட்சிக்கே போட்டு நல்ல பெயர் வாங்கியிருந்தால் இந்த வேகத்தில் இதெல்லாம் வந்திருக்குமா?

இன்னும் நெருங்கிப் பாருங்கள். 1953 ஜூனில் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தினமும் மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். மக்கள் வாயில் அது குலக்கல்வித் திட்டம். பேரவையின் ஒப்புதலைக் கேட்காமலே நடைமுறைக்கு வந்தது. வெளியே திராவிட இயக்கத்தார் போராடினார்கள், சிறை போனார்கள். ஜூலை 29 அன்று விவகாரம் பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. நிறைவேறவில்லை. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம். அதற்கு 139, எதிர்ப்பு 137. நிறைவேறியது. மறு ஆண்டு காமராஜர் முதல்வரானதும், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

139, 137. ஒரே ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் மறுபடியும் 138-க்கு 138. அன்று ஆதரித்துக் கைதூக்கிய ஒவ்வொரு உறுப்பினரும், எந்த மூலைத் தொகுதியிலிருந்து வந்தவராக இருந்தாலும், தன் ஊருக்கு ஒரு தார்ச்சாலைகூட வாங்கித் தராதவராக இருந்தாலும், மாகாணத்துக் கிராமப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அரை நாள் படிப்பை மீட்டுத் தந்த பங்கு உடையவர். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வால் என்ன கிழிக்க முடியும் என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

சரி, அது பழைய கதை என்பார்கள். புதிய கதைக்கு வருவோம். 2016-ல் ராஜபாளையம் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது; ஆட்சிக்கு வந்தது அ.தி.மு.க. பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. 2021-ல் அப்படியே தலைகீழ். ஆட்சிக்கு வந்தது தி.மு.க.; ராஜபாளையம் ஆளுங்கட்சித் தொகுதி ஆனது, ஸ்ரீவில்லிபுத்தூர் எதிர்க்கட்சித் தொகுதி ஆனது. அடுத்தடுத்த இரண்டு ஊர்கள், பத்து ஆண்டுகள், இடம் மாற்றிப் பார்த்தாயிற்று. முதல் ஐந்தாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் சொர்க்கமாகி ராஜபாளையம் பாலைவனமானதா? அடுத்த ஐந்தாண்டில் அது திரும்பியதா? இரண்டு ஊரிலும் நடந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சாக்கடை அடைப்பு கட்சி பார்ப்பதில்லை. தொகுதி மேம்பாட்டு நிதியும் 234 பேருக்கும் ஒரே தொகைதான். ஆளுங்கட்சிக்காரருக்குத் தனியாக ஒரு பைசா கூடுதல் கிடையாது.

தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய், குப்பை, வாறுகால் எல்லாம் நகராட்சியின் வேலை. அதற்குக் கவுன்சிலர் இருக்கிறார், நகர்மன்றத் தலைவர் இருக்கிறார், ஆணையர் இருக்கிறார். எம்.எல்.ஏ.வை நாம் அனுப்புவது சட்டம் செய்யவும், வரிப்பணம் எங்கே போகிறது என்று பட்ஜெட்டைப் பிடித்துக் கேட்கவும். அந்த வேலையை யாரும் அவரிடம் கேட்பதே இல்லை. காதுகுத்துக்கு வந்தாரா, துக்கத்துக்கு வந்தாரா என்று கேட்கிறோம். மானியக் கோரிக்கை விவாதத்தில் என்ன பேசினார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. போனால் அதிகாரிகள் காக்க வைக்கிறார்கள். கோப்பு நகர்வதில்லை. விழா மேடையில் நாற்காலி கிடைப்பதில்லை. உண்மைதான். ஆனால் அது அநியாயம். நம் வரிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஓட்டுப் போட்டால்தான் தருவோம் என்று எவன் சொன்னாலும் அது மிரட்டல். மிரட்டுகிறவனைத் தட்டிக் கேட்பதை விட்டுவிட்டு அவனுக்கே ஓட்டையும் கொடுத்தால் அடுத்த தேர்தலில் இன்னும் சத்தமாக மிரட்டுவான்.

ஆளுங்கட்சிப் பக்கம் இருந்தால்தான் கிடைக்கும் என்ற இந்த நோய் உறுப்பினர்களையும் பிடித்தது என்பதற்கும் அதே 1952 பேரவை சாட்சி. காங்கிரசை எதிர்த்து வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சி 1954-ல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். உள்ளே போனால்தான் நம் மக்களுக்குச் செய்ய முடியும் என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் காரணம். காங்கிரஸ் வேண்டாம் என்று சொல்லி ஓட்டுப் போட்டவர்கள் காங்கிரஸ் ஆட்சிக்கே தோள் கொடுத்தவர்களானார்கள். அவர்களிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த முறை வாசலில் வந்து நின்று, “நாங்கதான் ஆட்சிக்கு வரப்போறோம், எங்களுக்குப் போட்டாத்தான் உங்க தெருவுக்கு ரோடு” என்று ஒருவர் சொன்னால், நான் கேட்கப்போவது இதைத்தான்: “ஆட்சி தப்பான ஒரு திட்டம் கொண்டுவந்து, உங்க ஒரு ஓட்டுல அது நிக்கும் இல்லாட்டி விழும்னு வந்தா, நீங்க எந்தப் பக்கம் கைதூக்குவீங்க?”