மூன்றுகை மகாசேனையை யார் படிப்பது?

முருகனின் திருத்தலங்களைப் படைவீடுகள் என்கிறோம். 'ஆற்றுப்படை வீடு' என்பதே மக்கள் வழக்கில் 'ஆறுபடை வீடு' எனத் திரிந்தது என்று தமிழாய்வாளர் பலர் கருதுவர். ஆயினும் கந்தசஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் காணத் திரள்வோருக்கு அச்சொல் குறிப்பது பாசறையைத்தான். அப்பாசறையில் முருகன் தனியனாக இல்லை. வீரவாகு தேவர் முன்நிற்கிறார். இலக்கத்து ஒன்பதின்மர் உடன்நிற்கின்றனர். வென்ற தெய்வத்தோடு துணைநின்ற படையையும் கந்தபுராணம் மறவாமல் சொல்கிறது. நமது வரலாற்றுக் கல்வியோ மன்னனின் பெயரோடு நின்றுவிடுகிறது. இராசராசன் வென்றான், இராசேந்திரன் கடல் கடந்தான் என்று எழுதுகிறோம். யாரைக் கொண்டு வென்றான் என்று கேட்பதில்லை.

விடை கிடைக்காததால் கேட்காமல் இருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் சோழப் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசை வரிசையாக உள்ளன. பெருந்தனத்து ஆனையாட்கள், பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள், நிகரிலிசோழத் தெரிந்த உடநிலைக் குதிரைச் சேவகர், இராசராசத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என அவ்வரிசை நீள்கிறது. 'தெரிந்த' என்றால் தெரிந்தெடுக்கப்பட்ட என்று பொருள். பெயரின் முற்பகுதி மன்னனின் பட்டத்தைச் சொல்ல, பிற்பகுதி பிரிவின் தன்மையைச் சொல்கிறது. வில், குதிரை, யானை எனத் தொழில்வாரியாகப் பிரிக்கப்பட்ட ஒழுங்கமைந்த சேனை ஒன்று இப்பெயர்களிலேயே புலனாகிறது.

இதனினும் வியப்புக்குரியது அக்கல்வெட்டுகள் இப்பிரிவுகளைக் குறிப்பிடும் சூழல். அங்கே போர்க்களம் இல்லை, கோயில் கணக்குதான் இருக்கிறது. பெரிய கோயிலின் சிறு சன்னதிகள் சிலவற்றைப் பேணும் பொறுப்பு சில பிரிவுகளுக்கு இருந்தது. வேறு சில பிரிவுகள் கோயில் பண்டாரத்தில் காசு பெற்று, அதற்கு வட்டி செலுத்த உடன்பட்டன. தனி வீரர் மாண்டாலும் பிரிவு நிலைக்கும், அது பட்ட கடனும் நிலைக்கும் என்ற நம்பிக்கை இல்லையெனில் இவ்வேற்பாடு சாத்தியமில்லை. ஆகவே அன்றைய படைப்பிரிவை மன்னன் ஏந்திய வாளாக மட்டும் காண்பது போதாது. அது தன் பெயரால் வாக்களித்து, அவ்வாக்குக்குப் பொறுப்பேற்ற ஒரு நிறுவனம்.

இவ்வகைச் சான்றுகளுள் தலையாய ஒன்று நம் தாமிரபரணிக் கரைப் பகுதியிலேயே உள்ளது. அம்பாசமுத்திரத்தை அடுத்த பிரமதேசத்துக்கு அருகே திருவாலீசுவரம் கோயில் இருக்கிறது. விமானத்தின் சோழர் காலச் சிற்பங்களைக் காணக் கலையார்வலர்கள் அங்கே செல்வதுண்டு. அக்கோயிலின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் 'மூன்றுகை மகாசேனை' பேசுகிறது. தான் கண்ட வெற்றிகளை எடுத்துரைத்து, அக்கோயிலையும் அதன் பண்டாரத்தையும் அதைச் சார்ந்தோரையும் காக்கும் பொறுப்பை அது ஏற்கிறது. மன்னர்கள் தம் வெற்றிகளை மெய்க்கீர்த்தியாக வெட்டுவித்த காலத்தில் ஒரு சேனை தன் கீர்த்தியைத் தானே சொல்லிக்கொண்டது. யானை, குதிரை, காலாள் ஆகியவையே அந்த மூன்று கைகள் என்று கொள்வது பொருந்தும். நால்வகைப் படையுள் தேர் அதற்குள் வழக்கொழிந்துவிட்டது.

இச்செய்தியைப் பெருமிதத்தோடு மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்களாவோம். பாண்டிநாடு அன்று சோழர் வசம் இருந்தது. இராசேந்திரன் மதுரையில் மாளிகை எடுத்துத் தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பெயரில் அமர்த்தினான். ஆகவே திருவாலீசுவரத்தில் காவல் ஏற்றது, வென்ற நாட்டில் நிலைகொண்ட படை. யாரிடமிருந்து யாரைக் காத்தது அது? காவலை ஏற்றவர்களின் குரல் கல்லில் இருக்கிறது. காக்கப்பட்டவர்கள் அதை வரமாகக் கொண்டார்களா, சுமையாகக் கொண்டார்களா என்பதைக் கல் சொல்வதில்லை. இந்த இடைவெளியைக் காண மாணவரைப் பழக்குவதுதான் கல்வி. சோழர் பெருமை என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் நெல்லைச் சீமையின் அனுபவம் அடங்கிவிடாது.

கடலுக்கு அப்பாலும் இதே சொல் ஒலிக்கிறது. இலங்கையின் பொலன்னறுவையில், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேளைக்காரரின் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட பள்ளிக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன்' என்று தம் பெயரைச் சூட்டி, அதைக் காப்பதாக அவர்கள் உறுதி கூறுகின்றனர். இதே வேளைக்காரர்தாம், சோழரை எதிர்க்கப் புறப்படுமாறு விசயபாகு பணித்தபோது கலகம் செய்து ஒடுக்கப்பட்டனர் என்று சூளவம்சம் கூறுகிறது. உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்களுக்கும் எந்தப் போரில் உயிர் கொடுப்பது என்பதில் ஒரு மனம் இருந்திருக்கிறது.

நம் வாசகர்களுள் பலர் வேளக்காரப் படையையும் ஆபத்துதவிகளையும் முதலில் அறிந்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் அந்நினைவைப் புதுப்பித்தன. அதில் குறையில்லை. ஆனால் ஆர்வத்தை மூட்டுவதோடு புனைவின் வேலை முடிகிறது. மூண்ட ஆர்வத்தைக் கல்வெட்டு வரை கொண்டுசெல்வது தமிழ் கற்பிக்கும் நம் போன்றோர் வேலை. அதை நாம் செய்யாதபோது அவ்விடத்தைச் சாதிப் பெருமிதம் எடுத்துக்கொள்கிறது. இன்று மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் சோழப் படைகள் ஒவ்வொரு சாதிக்கும் பங்கு வைக்கப்படுகின்றன. கைக்கோளர் என்ற பெயர் படையிலும் நெசவிலும் வருவதும், செங்குந்தர் தம் மரபை நவவீரரோடு இணைத்துப் போற்றுவதும், ஒட்டக்கூத்தரின் பெயரால் 'ஈட்டியெழுபது' வழங்குவதும் மதிக்கத்தக்க சமூக நினைவுகள். அவை ஆராயப்பட வேண்டியவை. ஆனால் ஒரு சேனையை ஒரே சாதியின் சொத்தாக்கும் வாதத்தைக் கல்வெட்டு தாங்காது. பொலன்னறுவைக் கல்வெட்டில் வலங்கையும் இடங்கையும் உண்டு. வடுகரும் மலையாளரும் உண்டு.

இலக்கியம் கற்றோருக்கு இது வரலாற்றுத் துறையின் வேலை என்று ஒதுங்க வழியில்லை. அரசின் ஆறு உறுப்புகளை எண்ணும்போது படையை முதலில் வைத்தவர் வள்ளுவர். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகை சொன்னவர் பரிமேலழகர். படைமாட்சி அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது இவ்வகைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு நகர்கிறோம். தஞ்சைக் கல்வெட்டில் வரும் 'மூலபரிவாரம்' என்ற தொடரை அருகில் வைத்துக் காட்டினால் உரையாசிரியரின் சொல் உயிர்பெறும்.

எனவே நாம் வேண்டுவது பெரிதன்று. முதுகலை வகுப்பில் ஒரு மெய்க்கீர்த்தி பாடமாக இருந்தால், அதனருகே ஒரு படைப்பிரிவின் கல்வெட்டும் பாடமாகட்டும். மன்னனின் புகழைக் கற்கும் மாணவர், அம்மன்னனுக்காகக் களத்தில் நின்றவர்கள் என்ன வாக்களித்தார்கள், எதற்குக் கடன்பட்டார்கள் என்பதையும் தமிழில் படிக்கட்டும். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் கல்லூரிகள் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லத்தான் செய்கின்றன. அவற்றுள் ஒன்று திருவாலீசுவரத்துக்குப் போகட்டும். சிற்பங்களைப் படம் எடுத்து முடித்த பிறகு, கல்லில் உள்ள எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் ஒரு மணிநேரம் ஒதுக்கட்டும்.