பிரான்ஸ் கிராமத்தில் 40 லட்சத்துக்கு வீடு: விலையை விடுங்க, செலவைப் பாருங்க

"சார், சென்னையில ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு ஒரு கோடி கேட்கிறாங்க. பிரான்ஸ்ல கல்லுக்கட்டு வீடு, பின்னாடி தோட்டம், எல்லாம் சேர்த்து 40,000 யூரோதான். வாங்கிப் போடலாமா?" ரீல்ஸ் புண்ணியத்தில் இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி வருது.

ரீல்ஸ் சொல்வது பொய் இல்லை. நடு பிரான்ஸில் க்ரூஸ் மாதிரியான மாவட்டங்களில் அந்த விலைக்கு வீடு நிஜமாகவே கிடைக்கும். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள், வாரிசுகள் விற்றுப் பங்கு பிரித்தால் போதும் என்று இருக்கிறார்கள். வெளிநாட்டவர் வாங்கத் தடையும் கிடையாது. ஆனா என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். நீங்க அங்கே குடியிருக்கப் போறவர் இல்லைன்னா, அந்த வீட்டை 4,000 யூரோவுக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

முதல் காரணம், வீடு வாங்கினால் விசா வராது. பத்திரம் உங்க பேரில் இருந்தாலும், சாதாரண ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். தோர்தோன் பக்கம் பல வருஷமா வீடு வாங்கிக் குவித்த பிரிட்டிஷ்காரர்களைக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்வார்கள். நினைத்தபோது வந்து, நினைத்தவரை தங்கியவர்கள். பிரெக்ஸிட் முடிந்து 2021 ஜனவரி 1 முதல் அவர்களும் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு அந்த 90 நாளுக்கு விசாவாவது வேண்டாம், நமக்கு அதுவும் வேணும். நீண்ட நாள் தங்க 'விசிட்டர்' விசா இருக்கு. அதற்கு வருமானம் காட்டணும், மருத்துவ இன்சூரன்ஸ் காட்டணும், பிரான்ஸில் வேலை செய்ய மாட்டேன் என்று எழுதியும் கொடுக்கணும். சம்பளக்காரருக்கு இது எப்படி ஒத்துவரும்?

அடுத்து, 40,000 என்பது ஆரம்ப விலை. பத்திரப் பதிவை நோட்டேர் என்ற அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அதிகாரிதான் செய்வார். வரியும் அவர் கட்டணமும் சேர்ந்து பழைய வீட்டுக்குப் பொதுவா விலையில் 7 முதல் 8 சதவீதம். விலை குறைந்த வீட்டுக்கு இந்தச் சதவீதம் இன்னும் கூடும், காரணம் சில கட்டணங்கள் விலை எவ்வளவானாலும் மாறாது. ஒரு நல்ல விஷயமும் உண்டு. முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி உங்கள் கைக்கு வந்த பிறகு 10 நாள் அவகாசம் இருக்கு. காரணமே சொல்லாமல் விலகலாம், முன்பணம் திரும்ப வரும். நம்ம ஊர் அட்வான்ஸ் கதை மாதிரி இல்லை.

இப்போ செப்டிக் டேங்குக்கு வருவோம். சிரிக்காதீங்க, பிரான்ஸ் கிராமத்தில் வீடு வாங்குபவர் பட்ஜெட் உடையும் இடம் பெரும்பாலும் இதுதான். பாதாளச் சாக்கடை இல்லாத வீடுகளுக்கு 'ஸ்பாங்க்' என்ற உள்ளாட்சிப் பிரிவு வந்து கழிவுநீர்த் தொட்டியைச் சோதிக்கும். விற்பவர் மூன்று வருஷத்துக்கு உட்பட்ட ரிப்போர்ட் தரணும். அதில் தொட்டி விதிப்படி இல்லை என்று இருந்தால், பத்திரம் முடிந்த ஒரு வருஷத்துக்குள் சரிசெய்வது வாங்கினவர் பொறுப்பு. புதுசா போட 10,000 யூரோ சர்வசாதாரணம். 40,000 வீட்டுக்கு அது கால்வாசி விலை! ஆனாலும் எல்லோரும் தோட்டத்தைத்தான் போட்டோ எடுக்கிறார்கள், ரிப்போர்ட்டைக் கேட்பதில்லை.

"சரி சார், வாடகைக்கு விட்டுடலாமே?" டிபிஇ என்ற எனர்ஜி ரேட்டிங் எல்லா வீட்டுக்கும் உண்டு, ஏ முதல் ஜி வரை. ஜி வாங்கின வீட்டை 2025 ஜனவரி 1 முதல் புதுசாக யாருக்கும் குடியிருக்க வாடகைக்கு விட முடியாது. 2028-ல் எஃப் வீட்டுக்கும் அதே நிலைமை. பராமரிக்காத பழைய கல் வீடு எந்த எழுத்தில் இருக்கும் என்று நினைக்கிறீங்க? தவிர, ஆள் காலி செய்துகொண்டு போகிற கிராமத்தில் வாடகைக்கு யார் வருவார்?

அங்கேயே குடியிருந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லணும். குளிருக்கு விறகு அடுப்புதான் பல வீடுகளில். விறகைக் காய வைத்து, அடுக்கி, அடுத்த குளிர்காலத்துக்கு இப்போதே வாங்கி வைக்கணும். புகைபோக்கியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்து சான்றிதழ் வாங்கணும். தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். டீசல் மாதிரி எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர் இருந்தால், அது பழுதானால் அதே மாதிரி புதுசு போட முடியாது, 2022 ஜூலை முதல் தடை. டாக்டர் விஷயம் இன்னும் சிக்கல். குடும்ப டாக்டர் ஒருவரைப் பதிவு செய்தால் 30 யூரோ ஃபீஸில் 70 சதவீதம் அரசுக் காப்பீடு திருப்பித் தரும், இல்லைன்னா 30 சதவீதம்தான். ஆனா கிராமங்களில் புது நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை. பஸ் அபூர்வம், கார் இல்லாமல் ரொட்டிகூட வாங்க முடியாது. நம்ம ஊர் லைசென்ஸ் குடியேறின பிறகு ஒரு வருஷம் வரைதான் செல்லும், அதன்பின் பிரெஞ்சு மொழியில் தேர்வு எழுதி முதலிலிருந்து எடுக்கணும்.

ஜன்னல் மாற்றணுமா? மேயர் அலுவலகத்தில் மனு. பக்கத்தில் பழைய தேவாலயமோ கோட்டையோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், அரசின் கட்டடக்கலை அதிகாரியும் சம்மதிக்கணும். நல்ல கொத்தனார் மாதக்கணக்கில் காக்க வைப்பார். அவசரப்பட்டு பில் இல்லாமல் யாரையும் வேலைக்கு வைக்காதீங்க. பெரிய கட்டுமான வேலைக்குச் சட்டப்படி 10 வருஷக் காப்பீடு உண்டு, பில் இல்லைன்னா அதைக் கேட்டுப் போக முடியாது. இன்னொன்று, பழைய வீட்டு ரிப்பேருக்கு கான்ட்ராக்டர் பொருளோடு சேர்த்து பில் போட்டால் பொதுவா 10 சதவீத வாட் வரி, பொருளை நீங்களே கடையில் வாங்கினால் 20.

வருஷா வருஷம் வருவது சொத்து வரி. ஜனவரி 1 அன்று யார் உரிமையாளரோ அவருக்கு பில். குடியிருக்கும் வீட்டுக்கான இன்னொரு வரியை 2023 முதல் முழுசாக எடுத்துவிட்டார்கள், ஆனா இரண்டாவது வீடு என்றால் அது தொடருது. நீங்க சென்னையிலிருந்து வருஷத்துக்கு இரண்டு வாரம் போனால் அது இரண்டாவது வீடுதான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரித்துறை இணையதளத்தில் தெரிவிக்கணும். விட்டால் 150 யூரோ அபராதம்.

நம்ம பக்கக் கணக்கையும் போட்டுடுவோம். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் வீடு 40 லட்சம். எல்ஆர்எஸ் வழியில் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், சொத்து வாங்கவும் அனுமதி உண்டு. ஆனா அதற்கு இங்கே பேங்க் லோன் போட முடியாது, சொந்தச் சேமிப்புதான். 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீத டிசிஎஸ், அதாவது 30 லட்சத்துக்கு 6 லட்சம் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனா பணம் அதுவரை முடங்கும். பிறகு ஒவ்வொரு வருஷமும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டணும். மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதம் வரை போகும். 20 லட்சம் வரையிலான வெளிநாட்டுச் சொத்துக்கு 2024-ல் சலுகை கொடுத்தார்களே என்று கேட்பீர்கள். அசையாச் சொத்துக்கு அது பொருந்தாது.

துலூஸிலோ லியோனிலோ வேலை கிடைத்து, சுற்றுவட்டாரக் கிராமத்தில் குடியிருக்க நினைப்பவருக்கு என் பதில் வேறு. உங்களுக்கு இது நல்ல வாழ்க்கையாகவே அமையலாம். சந்தை நாளில் பெயர் சொல்லிக் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் சென்னை அபார்ட்மெண்டில் கிடைக்க மாட்டார். ஆனா முதலில் அதே ஊரில் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்க. அதில் நவம்பர் முதல் மார்ச் வரை கட்டாயம் இருக்கணும். வாங்கப்போகும் வீட்டை ஜூலையில் பார்த்துப் பிடித்திருந்தால், ஜனவரியில் மழை பெய்யும் ஒரு திங்கட்கிழமை திரும்பப் போங்க. பாதிக் கடைகள் மூடியிருக்கும். ஓட்டுக்கூரை ஒழுகுதான்னு பாருங்க, மொபைலில் சிக்னல் இருக்கான்னு பாருங்க, அப்படியே ஸ்பாங்க் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிடுங்க.