ஜெனரேட்டர் வாங்கியாயிற்று, சுவிட்ச்?

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். ராத்திரி கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால், விடிவதற்குள் குளத்தில் ஆக்ஸிஜன் இறங்கிவிடும். மொத்த வளர்ப்பும் போச்சு. பல்லடம் வட்டாரத்தின் மூடிய கொட்டகைக் கோழிகளுக்கோ, சித்திரை மதியத்தில் விசிறி நின்றால் அவகாசம் நிமிடக்கணக்கில்தான். ஜெனரேட்டரை இவர்கள் ஆசைக்கு வாங்குவதில்லை.

வாங்கும்போது விசாரணையும் பலமாகத்தான் இருக்கிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் 4 கிலோவாட். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் வழக்கமான கரண்டைப்போல் ஆறு மடங்கு கேட்கும். அதனால் சின்ன ஜெனரேட்டர் திணறும், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்காகும் என்பதெல்லாம் இன்று டீக்கடை வரை தெரிந்த சங்கதி. லட்சக்கணக்கில் போட்டு இயந்திரம் வாங்குகிறவர், அதை சர்வீஸோடு சேர்க்கும் இடத்தில் சில ஆயிரத்துக்குக் கணக்குப் பார்க்கிறார். வயர்மேனும் பியூஸ் கேரியரைப் பிடுங்கி மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டு, ஜெனரேட்டர் வயரை ஸ்டார்ட்டர் முனையில் முறுக்கி டேப் சுற்றுகிறார். “இ.பி. வந்தா வயரக் கழட்டிட்டு இதப் போட்டுக்குங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

இருட்டில், மழையில், பதற்றத்தில் யாராவது பியூஸைப் பிடுங்க மறந்தால்? 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மருக்குத் திசை தெரியாது. இந்தப் பக்கம் ஜெனரேட்டர் கரண்டை ஏற்றினால், அந்தப் பக்கக் கம்பியில் 11,000 வோல்ட் நிற்கும். கம்பத்தின் மேல் லைன்மேன் நிற்பார்.

‘என் சின்ன ஜெனரேட்டர் ஊருக்கே கரண்ட் கொடுக்குமா? உடனே மூச்சுத் திணறி நின்றுவிடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண நாளில் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் புயலில் கம்பி பக்கத்திலேயே அறுந்திருந்தால் இழுக்க லோடே இருக்காது, நிம்மதியாக ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்களைச் சாய்த்தது. வெளி மாநிலங்களிலிருந்துகூட ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அதே நாட்களில்தான் தண்ணீர்த் தொட்டி நிரப்பவும் போன் சார்ஜ் போடவும் ஊரெங்கும் ஜெனரேட்டர்கள் ஓடின. வேலைக்கு முன் லைனை எர்த் செய்வது லைன்மேனுக்குக் காப்புதான். அவசரத்தில் அது விட்டுப்போகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டாமா?

தேவை, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே சேரும் நாலு முனை சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மூன்று பேஸோடு நியூட்ரலும் மாற வேண்டும். மூன்று முனை மலிவு என்று வாங்குவது அரைக்கிணறு தாண்டுகிற வேலை.

ஜெனரேட்டர் கரண்ட் லைனுக்குள் போகாதபடி பிரித்துவைக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. பிறகு ஏன் ஜெனரேட்டர் இருப்பதையே மின்வாரியத்திடம் மறைக்கிறார்கள்? அனுமதித்த லோடுக்கு மேல் மோட்டார் ஓட்டுகிறவர், ஜெனரேட்டரைக் காட்டப் போய் மோட்டாரையும் காட்டிக்கொள்ள விரும்புவதில்லை. சோம்பலைவிட இந்தப் பயம்தான் பெரிது என்பேன். எனவே மிரட்டிப் பயனில்லை. சுவிட்சைச் சோதிக்க வரும் நாளில் லோடைக் கிளறமாட்டோம் என்று வாரியம் வாக்குக் கொடுக்கட்டும். சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இறக்கிவைக்க டீலருக்குத் தடை வரட்டும். ஜெனரேட்டர் உள்ள சர்வீஸ் எண்களை டிரான்ஸ்பார்மர் வாரியாகப் பிரிவு அலுவலகத்தில் எழுதி வைத்தால், வெளியூரிலிருந்து வரும் லைன்மேன் கம்பம் ஏறுமுன் எந்தெந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.