தொய்வு

மயிலிக்கு இந்த வாரம் ஏழு மாதம் நிறைகிறது. பொங்கல் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தபோது ஒரு கை மடக்கில் அடங்கிக் கிடந்தவள், இப்போது பின்னங்காலில் எழுந்து அடுப்பு மேடையை எட்டிப் பார்க்கிறாள். சிப்பிப்பாறைக் குட்டி. விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய வேட்டைநாய் இனம். கோவில்பட்டிக்காரர்களான எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சொந்தம் மாதிரி. சாம்பல் ஓடிய மயிலை நிறம் என்பதால் அப்பா வைத்த பெயர் மயிலி.

நேற்றுக் காலை வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அவளும் நானும் போய்த் திரும்பினோம். போகும்போதும் வரும்போதும் வார் ஒரு தடவைகூட விறைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஊஞ்சல் கயிறு போல வளைந்து தொங்கியது. தொய்வு என்ற சொல்லை நாம் நல்ல அர்த்தத்தில் சொல்வதில்லை. வேலையில் தொய்வு, உடம்பில் தொய்வு என்றுதான் சொல்லிப் பழக்கம். இந்தத் தொய்வுக்காக நான் நான்கு மாதம் பாடுபட்டேன்.

என் சின்ன வயதில் கிராமத்து வீட்டில் ராஜா என்று ஒரு நாய் இருந்தது. வேப்பமரத்தடியில் சங்கிலியில் கிடக்கும். சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும் புல் முளைக்காமல் தரை வட்டமாக வழுவழுத்துக் கிடந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எப்போதாவது யாராவது அவிழ்த்து வெளியே கூட்டிப்போனால், கூட்டிப்போகிறவரைத் தெருமுனை வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். ‘அதுக்கு அம்புட்டு பலம்’ என்று பெருமையாகச் சொல்வோம். பிறந்ததிலிருந்து கழுத்தில் இறுக்கத்தைத் தவிர வேறெதையும் அறியாத பிராணி அது என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கயிறு என்றால் எதிர்த்து இழுப்பது என்று நாங்களேதான் நாள் முழுக்க அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறோம்.

அதனால் மயிலி வந்த அன்றே ஒரு முடிவெடுத்தேன். வீட்டுக்குள் சங்கிலி வராது. வார் என்பது சேர்ந்து நடப்பதற்கு மட்டும். அதைக் கொண்டு அவளை எங்கேயும் கட்டிப்போடக் கூடாது. கடையில் வார் கேட்டால் முதலில் சங்கிலியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ‘சிப்பிப்பாறைக்கா? அறுத்துரும்மா’ என்றார் கடைக்காரர். ஆறடி நீளத்தில், கைக்கு மெத்தென்று இருக்கும் துணி வார் ஒன்றை வாங்கினேன். பொத்தானை அமுக்கினால் நீண்டு சுருங்கும் வகையும் இருந்தது. அதில் சுருள் எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். நாய் அந்த இழுப்பையே இயல்பு என்று கற்றுக்கொள்ளும். வேண்டாம் என்றுவிட்டேன்.

தடுப்பூசிகள் முழுதாகப் போட்டு முடிய 16 வாரம் ஆகிவிடுகிறது. அதற்கு முன் தெருமண்ணில் இறக்கினால் பார்வோ போன்ற நோய்கள் தொற்றும். அதே சமயம், ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் வெளியிட்ட நூலின்படி, ஒரு குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரைதான். ஊசி முடியட்டும் என்று கதவைச் சாத்திக் காத்திருந்தால் அந்தப் பருவம் கைநழுவிப் போய்விடும். கைக்குழந்தையை நாம் என்ன செய்வோம்? இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை காட்டுவோம். அதையேதான் செய்தேன். ஆட்டோ, குல்பி வண்டி மணி, ஆட்டுக் கிடை, சைலன்சர் கழன்ற பைக், குடை பிடித்து வருகிறவர் எல்லாவற்றையும் என் தோளிலிருந்தே பார்த்தாள். நடை பழக்குவதில் பாதி வேலை அந்த இரண்டு மாதத்தில், அவள் கால் தரையில் படாமலே முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டுக்குள் கழுத்துப் பட்டையைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மாட்டினேன். இரண்டு நாள் சொறிந்தாள், மூன்றாம் நாள் மறந்துவிட்டாள். பிறகு வாரைக் கோத்து, கண் பார்வையிலேயே அதை இழுத்துக்கொண்டு திரிய விட்டேன். முனையை நான் கையில் எடுத்த அன்றைக்குத்தான் தகராறு. ‘இழுக்கிறது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் குட்டிகள் முதலில் செய்வது நகர மறுப்பது. நான்கு காலையும் ஊன்றி, புதிதாக வாங்கிய மாடு போல நின்றாள். அந்த இடத்தில் நாம் இழுத்தால் அவள் பின்னால் சாய்வாள். இழுப்புக்கு எதிர்த்து ஊன்றுவது விலங்கு உடம்பின் இயற்கை. பிடிவாதம் என்று அதற்குப் பெயர் வைப்பது நம் அவசரம். நான் இரண்டு எட்டு முன்னால் போய், வாரைத் தளரவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தேன். ‘தோ தோ’ என்றேன். அவளாக நடந்து வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. வந்ததும் வேகவைத்த கோழி ஈரல், சுண்டல் அளவு ஒரு துண்டு.

அதன் பிறகு செய்தது ஒரே காரியம். வார் தொய்வாக இருந்து, அவள் என் இடது கால் பக்கம் இருந்தால் ஈரல், அதுவும் என் தொடையை ஒட்டிய உயரத்தில். வார் விறைத்தால் நான் நின்றுவிடுவேன். திட்டுவதில்லை, வெட்டி இழுப்பதில்லை. அவள் திரும்பிப் பார்த்தோ ஓர் அடி பின்வாங்கியோ வார் தளர்ந்த நொடியில் மறுபடி நடை. நாய் இழுப்பதற்குக் காரணம் எளிமையானது: இழுத்தால் போகவேண்டிய இடம் கிட்டே வருகிறது. விறைத்த வாரோடு நாம் வைக்கிற ஒவ்வோர் அடியும் அதற்குக் கொடுக்கிற கூலி. முதல் வாரம் கேட்டிலிருந்து எதிர்வீட்டு முருங்கை மரம் வரை போக இருபது நிமிஷம் பிடித்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ‘ஏம்மா, நாய்க்கு நடக்கத் தெரியாதா? நீ சொல்லிக் குடுக்கணுமா?’ என்று அப்பா வாசலில் இருந்து கேட்டார். நடக்கத் தெரியும் அப்பா, நம்மோடு நடக்கத்தான் பழகணும் என்றேன்.

ஏப்ரலில் ஒரு நாள் பயந்துபோனேன். குறுக்கே ஒரு கோழி ஓடியது. மயிலி பாய்ந்தாள், வார் விறைத்தது, நான் நின்றேன். அவள் தலையைப் பின்னுக்கு உருவிக்கொண்டு போய்விட்டாள். பட்டை மட்டும் என் கையில். பிரதான சாலைக்குப் பதினைந்தடி முன்னால் கோழி வேலிக்குள் புகுந்ததால் அவளும் நின்றாள். அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய்களுக்குத் தலை குறுகல், கழுத்துதான் பருமன். மற்ற நாய்க்குச் செய்த பட்டை இவற்றின் தலை வழியே சுலபமாகக் கழன்று வந்துவிடும். இவற்றுக்கென்றே மார்ட்டிங்கேல் என்றொரு வகை இருக்கிறது. அகலமான பட்டையோடு சின்னதாக இன்னொரு வளையம் சேர்ந்தது. இழுத்தால் தலை உருவாத அளவுக்கு இறுகும், சரியாக அளவெடுத்து மாட்டினால் அதற்கு மேல் இறுகாது. இந்த இனங்களை வளர்க்கிற எல்லோருக்கும் கையைப் பிடித்துச் சொல்ல விரும்புகிறேன், முதலில் அதை வாங்குங்கள். வேறு வகைக் குட்டி, இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால், நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த பாடி பெல்ட் நல்லது. கழுத்தில் இழுபடும் நாய்க்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, பாடி பெல்ட்டில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

வீட்டில் நான் மட்டும் பழக்கிப் பயனில்லை. என் தம்பிக்கு எப்போதும் அவசரம். மாலையில் அவன் கூட்டிப்போனால் அவள் இழுக்க, இவன் பின்னாலேயே ஓடுவான். நான் காலையில் கட்டியதெல்லாம் மாலையில் சரியும். எப்போதாவது பலன் தருகிற காரியத்தை விடுவதுதான் ரொம்பக் கடினம் என்பதை ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். நமக்குப் புறா வேண்டாம். 2003-இல் தமிழ்நாட்டில் தடை வரும் வரை லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களைப் பார்த்தவர்கள் நாம். பத்துத் தடவையில் ஒரு தடவை இழுப்பு பலித்தால் போதும், மற்ற ஒன்பது தடவையும் நாய் நம்பிக்கையோடு இழுக்கும். தம்பியை உட்காரவைத்து இதைச் சொன்னேன். அவசரம் உள்ள நாளில் அவளைக் கூட்டிப்போக வேண்டாம் என்று ஒப்பந்தம்.

நானும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் மோந்து பார்க்க நிற்பதை நேர விரயம் என்று எண்ணி, ‘வா வா’ என்று நகர்த்திக்கொண்டே இருந்தேன். நாயின் மூக்கில் மணம் உணரும் செல்கள் 20 கோடிக்கும் மேல். நமக்குச் சில பத்து லட்சம். மின்கம்பத்தடியில் அவள் அறிவதை நான் எந்தக் காலத்திலும் அறியப் போவதில்லை. நடை என்று நான் நினைப்பது அவளுக்கு அந்தக் கம்பமும் வேலியும் குப்பைமேடும்தான். இப்போது பத்தடி தொய்வாக நடந்தால் கம்பத்தடிக்கு அனுமதி. ஈரல் பாதியாகக் குறைந்துவிட்டது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். நமக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. கரிசல் சீமைக் கோடையில் ஆறரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். இன்னொன்று, பைக்கில் கட்டிக் குட்டியை ஓட்டிப்போகிறவர்களை வாரம் இருவரையாவது பார்க்கிறேன். வேட்டைநாய் ஓடத்தானே பிறந்தது என்கிறார்கள். எலும்பின் வளர்முனைகள் மூட ஒரு வயதை ஒட்டி ஆகும். அதற்குள் வண்டி வேகத்துக்குத் தாரில் ஓடும் குட்டிக்கு மூட்டு கெடும், தவறி விழுந்தால் கழுத்தே போகும். தயவுசெய்து வேண்டாம். ஓடட்டும், வேலி போட்ட காலி நிலத்தில், தன் இஷ்டத்துக்கு.

எங்கள் தெருவின் மூத்த வெள்ளை நாய் எதிரே வந்தால் முன்பெல்லாம் என் கை தானாக வாரைச் சுருட்டும். என் பயம் வார் வழியே இறங்கி அவள் முதுகு முடியைச் சிலிர்க்கவைக்கும். இப்போது நேருக்கு நேர் போகாமல் சாலையின் மறு ஓரத்துக்கு வளைந்து போகிறேன், கையைத் தளர்த்தியபடி. வெள்ளை நாய் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல். அப்பா வாரை எடுத்தார். எழுபத்தோரு வயது, முட்டி வலி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாமல், நான் செய்வது போலவே பெருவிரலில் வளையத்தை மாட்டிப் பிடித்தார். இத்தனை நாளும் வாசலில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் மெதுவாக நடக்க, அவளும் அவர் வேகத்துக்கு நடந்தாள். முருங்கை மரத்தடியில் மோந்து பார்க்க நின்றாள், அவரும் நின்றார். திரும்பி வந்து கேட்டைச் சாத்தும்போது, ‘ராஜாவை இப்பிடி ஒரு நாள் கூட்டிட்டுப் போனதில்லையே, தாயி’ என்றார். வாரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைச்செம்பில் தண்ணீர் மொண்டு அவளுக்கு ஊற்றப் போனார்.