முகமும் பெயரும்

மார்கழி பிறந்துவிட்டால் திருச்செந்தூர்த் திருக்கோயிலில் வைகறைக்கு முன்பே நடை திறக்கப்படுகிறது. முன்பனிப் பருவத்தின் தொடக்கம் அது. வடகிழக்கு மழை ஓய்ந்து, தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பயிர் பச்சை பிடித்து நிற்கும் காலம். அயலூரில் வாழும் மக்களும் பேரன் பேத்தியரும் விடுமுறைக்கு ஊர் திரும்புவதும் இம்மாதத்தில்தான். பீரோவின் அடித்தட்டில் உறங்கும் பழைய புகைப்பட ஆல்பங்கள் அந்நாள்களில் வெளியே வருகின்றன.

நெல்லைச் சீமையின் ஆல்பங்களில் செந்தூர்ப் படம் ஒன்றேனும் இருக்கும். முடியிறக்கிச் சந்தனம் பூசிய குழந்தை. கடற்கரை மணலில் வரிசையாக நிற்கும் குடும்பம். அவர்களுக்குப் பின்னே ஒன்பது நிலை இராஜகோபுரம். நாழிக்கிணற்றில் நீராடி வந்து ஈரத்தலையைத் துவட்டும் பாட்டி. சில ஏடுகளுக்கிடையே, விபூதிப் பிரசாதம் வந்த பன்னீர் இலை ஒன்றும் காய்ந்து சருகாய்க் கிடக்கும்.

இத்தனை படங்களிலும் செந்திலாண்டவன் இல்லை. கருவறைத் திருவுருவத்தைப் படம் பிடிப்பது மரபன்று. கைபேசி எல்லார் கைக்கும் வந்தபின் அவ்வரம்பு தளர்ந்தது. 2022 நவம்பரில், இத்திருக்கோயிலைக் குறித்த வழக்கில், கைபேசிக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. டிசம்பரில் அது தமிழகத்துத் திருக்கோயில்கள் அனைத்துக்கும் விரிந்தது. பெருமானைக் காணப் படம் தேவையில்லை. சந்நிதிக்குச் சென்றால் இன்றும் அதே கோலத்தில் கடலை நோக்கி நிற்கிறான். மீண்டும் காண இயலாதவர்கள் அவனைக் காண வந்த மனிதர்களே. படம் அவர்களுக்காகத்தான்.

மனிதர் மட்டுமல்லர், அவர்கள் நின்ற இடமும் மாறுகிறது. உப்புக் காற்றில் அரிக்கப்பட்டுச் சிதைந்திருந்த பழைய கற்கோயிலை மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி ஆகிய துறவியர் ஒருவர்பின் ஒருவராகப் பல்லாண்டுகள் பாடுபட்டுப் புதுப்பித்தனர். அத்திருப்பணி நிறைந்து 1941-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1923 முதல் நெல்லையிலிருந்து வந்துகொண்டிருந்த சிறுபாதை இரயில் 2008-இல் அகலப்பாதையாயிற்று. 2017 டிசம்பர் 14 அன்று கிரிப் பிராகார மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து பெண் அடியார் ஒருவர் உயிர் நீத்தார். அதன்பின் அம்மண்டபம் அகற்றப்பட்டது. அதன் தூணில் சாய்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் எவர் வீட்டிலேனும் இருந்தால், அத்தூணும் அதில் மட்டுமே நிற்கிறது. 2025 ஜூலை 7-இல் மீண்டும் குடமுழுக்குக் கண்ட கோயிலை இன்றைய பிள்ளைகள் வேறொரு தோற்றத்தில் அறிகின்றனர்.

படமும் நிலையானதன்று. வெள்ளியின் துணையால் உருவான கறுப்பு வெள்ளைப் படம் இரண்டு மூன்று தலைமுறை தாங்குகிறது. 1970, 80-களின் வண்ணப் படங்களோ அதற்குள் நிறம் வெளிறிச் செம்மை படர்ந்துவிட்டன. மழைக்கால ஈரத்தில் பூசணம் பூக்கிறது. இராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கிறது. 2023-ஆம் ஆண்டு மார்கழி முதல் நாளும் இரண்டாம் நாளும், அதாவது டிசம்பர் 17, 18 தேதிகளில், பெய்த பெருமழையை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். செந்தூருக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, பயணிகளுக்கு அருகிலிருந்த புதுக்குடி ஊரார் சோறிட்டனர். வெள்ளம் புகுந்த வீடுகளில் பாத்திரமும் கட்டிலும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தாயின் ஒரே படம் நனைந்து கூழானால் அதை எந்தக் கடையில் வாங்குவது?

எனினும் நீரும் பூச்சியும் செய்யும் கேட்டைவிடப் பெரிய கேடு ஒன்று சத்தமின்றி நிகழ்கிறது. படம் நன்றாக இருக்கிறது. அதில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இல்லை. மார்கழியை அடுத்துத் தை அமாவாசை வருகிறது. செந்தூர்க் கடலில் நீராடித் தர்ப்பணம் செய்ய அமர்பவரிடம் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர் கேட்கப்படுகிறது. தாய்வழியினர் பெயரும் கேட்கப்படுகிறது. பலர் பாட்டன் பெயரோடு நின்றுவிடுகின்றனர். பூட்டியின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். முகத்தைப் படம் காக்கிறது. பெயரைச் சொன்னால்தான் எள்ளும் நீரும் சென்று சேரும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. இரண்டையும் இணைத்துச் சொல்ல வல்லவர் வீட்டில் மூத்தவர் ஒருவர் மட்டுமே. அவருக்குப் பின் அந்த முகங்கள் ஊமையாகிவிடும்.

ஆகவே, மூத்தோர்க்கு இம்மார்கழியில் ஒரு கடமை உண்டு. பிள்ளைகள் கூடியிருக்கும்போதே ஆல்பத்தைத் திறந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரும் உறவும் ஊரும் ஆண்டும் எழுதி வைக்கலாம். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். பென்சில் அவ்வாறு கெடுக்காது. எழுதக் கை நடுங்கினால் பேத்தி எழுதட்டும், பெரியவர் சொல்லட்டும். பிறகு அப்படங்களைக் கைபேசியில் பிரதி எடுத்து, அயலூரிலுள்ள உறவினர் இருவர் மூவருக்கு அனுப்பி வைத்தால் ஒரு வீட்டை வெள்ளம் சூழ்ந்தாலும் மற்றொரு வீட்டில் அவை பிழைத்திருக்கும்.

எழுதும்போது பெண்களின் பெயரை விடாமல் எழுதுவது நலம். “பெரியாத்தா”, “மதினி” என்ற உறவுமுறையால் மட்டுமே அழைக்கப்பட்டு, தம் சொந்தப் பெயர் ஒருவர் வாயிலும் ஒலிக்காமலே வாழ்ந்து மறைந்தவர்கள் அவர்கள். குழந்தையை இடுப்பில் ஏந்தி, மண்டபத் தூணோரம் கண்கூசி நிற்கும் அந்தப் பூட்டிக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை அறிந்தவர் இன்று எழுதினால், வரும் தை அமாவாசையில் செந்தூர்க் கடற்கரையில் அப்பெயர் ஒருமுறை உரக்க ஒலிக்கும்.